வாளின் உறுப்புக்களும் அவற்றின் பெயர்களும்

சென்ற கோடை விடுமுறைக்குச் சின்னாள் முன்னர், எம் விடுதியில் உறையும் நண்பரொருவர் ஜப்பானிய வாளொன்றன் படத்தைக் கொணர்ந்து காட்டினார். அப்படத்தில் வாளானது அலகு வேறு, பிடி வேறு, உறை வேறாகப் பிரித்து வரையப்பட்டிருந்தது. ஒவ்வோர் உறுப்பினின்றும் ஒரு கோடிழுத்து அதன் பெயரும் குறிக்கப்பட்டிருந்தது. இருவரும் எண்ணிப் பார்த்தோம்; முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. நண்பர் பௌதிகம் பயில்பவர். அவர் நகைத்துக்கொண்டே, "புறநானூறு முழுவதும் வாளும் வேலுமே என்று நாள்தோறும் கூறுகின்றீரே, இவ்வுறுப்புக்களுக்குத் தமிழ்ப் பெயர் சொல்லும் பார்ப்போம்" என்றார். யான் அலகு, பிடி, உறை, முனை, விளிம்பு என்று ஐந்து கூறினேன், ஆறாவதற்கு விழித்தேன். தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவனுக்கு இதனினும் பெரிய நாணம் வேறு யாதுளது? அந்நாணமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஜப்பானிய வாளின் அமைப்பை முதற்கண் அறிந்துகொள்ளுதல் நலம். அந்நாட்டில் அலகை அடித்துச் செய்தல் மட்டுமே கொல்லன் தொழில். அதனைத் தீட்டி மெருகிடுவோன் ஒருவன். உறை கடைவோன் ஒருவன். பிடிக்குப் பட்டுநாடா சுற்றுவோன் ஒருவன். உலோக அணிகள் செய்வோன் மற்றொருவன். இங்ஙனம் ஒரு பொருள் பலர் கை மாறிச் செல்லுங்கால், இன்ன இடம் என்று ஐயமறச் சுட்டுதற்கு ஒவ்வொரு சிறு பகுதிக்கும் பெயர் வேண்டியதாயிற்று. பெயர்கள் இத்துணை மிகுந்தமைக்கு இதனைத் தலையாய காரணமெனக் கருதுகின்றேன்.

அலகின் வெட்டும் பக்கத்திற்கு 'ஹா' என்பது பெயர். அதற்கு எதிராகிய முதுகுப்புறம் 'முனே' எனப்படும். இச்சொல்லைக் கேட்டவுடன் நம் 'முனை' நினைவிற்கு வரும். ஆயின் முனையோ வாளின் நுனி. முனேயோ அதன் முதுகு. ஒலியொப்புமை ஒன்றே பற்றி மொழியுறவு கற்பிக்கப் புகுவார் இதனைச் சற்றே நினைவிற் கொள்வாராக. நுனிக்கு அவர்கள் இட்ட பெயர் 'கிஸ்ஸாகி'. முதுகிற்கும் வாய்க்கும் இடையே அலகின் நீளமெங்கும் ஓடும் மேட்டுக்கோடு 'ஷிநோகி'. அலகின் வளைவு 'ஸோரி'. பிடியாகிய 'த்ஸுகா' திருக்கைமீன் தோல் போர்த்து நாடா சுற்றப்பெறுவது. கையைக் காக்கும் தட்டு 'த்ஸுபா'. அலகின் அடியில் உறையோடு இறுகப் பொருந்தும் பூண் 'ஹபாகி'. மரத்தாலாகிய உறை 'ஸயா'.

இவற்றினும் நுணுக்கமாவன இரண்டுள. வாயையடுத்து, அலைபோலவும் புகைபோலவும் வெண்மையாய்த் தோன்றும் வரியொன்று உண்டு. அதற்கு 'ஹமோன்' என்று பெயர். இது மேலே எழுதிய ஓவியமன்று. களிமண்ணையும் கரித்தூளையும் கல்தூளையும் குழைத்து, முதுகுப்புறம் தடிப்பாகவும் வாய்ப்புறம் மெல்லிதாகவும் அலகின்மீது பூசி, உலையிற் காய்ச்சி, நீரில் அமிழ்த்துவர். மெல்லிய பூச்சுடைய வாய் விரைவிற் குளிர்ந்து மிகக் கடினமாகும். தடித்த பூச்சுடைய முதுகு மெல்லக் குளிர்ந்து நெகிழ்ச்சி குன்றாதிருக்கும். கடிய வாய் வெட்டும். நெகிழ்ந்த முதுகு அடியைத் தாங்கும். இவ்விரண்டிற்கும் எல்லையாய் இரும்பினுள்ளேயே பிறந்த கோடுதான் ஹமோன்.

மற்றொன்று 'நகாகோ'. பிடிக்குள் மறைந்து நிற்கும் இரும்பு அது. அதனிலும் பிடியிலும் நேர்நேரே துளையுண்டு. இரண்டையும் ஊடுருவி நிற்பது 'மெகுகி' என்னும் சிறு மூங்கிலாணி. அவ்வாணியைத் தட்டி நீக்கினால் அலகு பிடியினின்றும் கழன்று வரும். கொல்லன் தன் பெயரைப் பொறிப்பது பிறர் காணும் அலகின்மீதன்று, யாரும் காணாத இந்நகாகோவின்மீதே. அப்பொறிப்பிற்கு 'மெய்' என்று பெயர். இதுவும் நம் சொற்போல ஒலிப்பதே, உறவுடையதன்று. நகாகோவிற் படிந்த துருவை ஒருவரும் துடைப்பதில்லை. அத்துருவின் நிறமும் தன்மையும் கண்டே வாளின் பழமையை ஆராய்வர்.

இப்பெயர்கள் பட்டறையோடு நின்றுவிடவில்லை. இருவர்க்கு மனம் ஒவ்வாதபோது, 'வளைவு பொருந்தவில்லை' என்பர் ஜப்பானியர். ஒருவாளின் வளைவு மற்றொன்றன் உறைக்குப் பொருந்தாமை அதன் உட்பொருள். பிரிந்த கணவன் மனைவியர் மீளக் கூடினால் 'பழைய உறைக்குத் திரும்பினர்' என்பர். கடும்போட்டியை 'ஷிநோகியைத் தேய்த்தல்' என்பர். வாள் அரையினின்றும் நீங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆகியும், அதன் உறுப்புக்கள் நாவினின்றும் நீங்கவில்லை.

இனி நம் நூல்களை நோக்குவோம். தொல்காப்பிய உரியியல் 'வாள்' என்பதற்கு ஒளி என்னும் பொருள் கூறும். புறத்திணையியலில் உழிஞைக்குக் குடையையும் வாளையும் நன்னாளிற் புறப்படச் செய்தல் உரைக்கப்படுகின்றது; பாடாணில் வாள்மங்கலம் என்றொரு துறை உண்டு. வாளை உறையினின்றும் எடுத்தற்குக் 'கழித்தல்' என்றும், உயர்த்தற்கு 'ஓச்சுதல்' என்றும், வெட்டுதற்கு 'எறிதல்' என்றும் தனித்தனி வினைகள் இருந்தன. நிகண்டுகளைத் திறப்பின் ஏதி, உவணி, வசி, கட்கம், நாந்தகம் எனப் பெயர்கள் வரிசையாய் வரும். ஆயின் இவையெல்லாம் முதற்பெயர்கள். அஃதாவது முழுவாளின் பெயர்கள். யான் வேண்டியவை சினைப்பெயர்கள். உறைக்குத் 'தடறு' என்ற பழஞ்சொல் கிடைத்தது. கூர்நுனிக்கு 'நுதி' கிடைத்தது. வேலுக்கு 'இலை' என்றும் 'காழ்' என்றும் இரண்டு கிடைத்தன. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பேரகராதியைப் பல நாள் புரட்டியும், அப்படத்திலுள்ள கோடுகளிற் பாதிக்கும் என்னாற் பெயரிட இயலவில்லை. பாடிய புலவர் வாளைக் களத்திற் கண்டார். அதனைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தொழில் அவர்க்கில்லை.

ஆயினும், வழியும் ஒரு புலவரே காட்டினார். தொண்டைமான் படைக்கலங்கள் பீலி அணிந்து நெய் பூசிக் காவலில் இருத்தலையும், அதியமான் படைக்கலங்கள் நுனி முறிந்து கொல்லனது சிறு குடிலிற் கிடத்தலையும் ஒப்பிட்டு ஔவையார் பாடிய பாட்டைத் தமிழ் கற்றார் யாவரும் அறிவர். அதனை அன்று மீளப் படித்தபோது, யான் தேடவேண்டிய இடம் நூல்நிலையமன்று, கொல்லன் குடிலே என்று தோன்றிற்று. விடுமுறையும் வந்தது, ஊருக்குச் சென்றேன்.

எம்மூர் மார்க்கையன்கோட்டை. கம்பம் பள்ளத்தாக்கிலே, சின்னமனூர்க்கு அணித்தாய், 1895-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீரால் விளையும் நெல்வயல்களுக்கு நடுவே உளது. ஊர்ப்பெயரிற் கோட்டை உண்டே யன்றி, எவர் வீட்டிலேனும் வாள் உண்டென்று யான் கேட்டதில்லை. அரிவாள் இல்லாத வீடோ இல்லை. ஊர்ப்புறத்தில் உலைவைத்திருக்கும் முதியவரொருவரிடம் என் பாட்டியாரின் பழைய அரிவாளை எடுத்துக்கொண்டு சென்றேன். பிடி உளுத்துப் போயிருந்தமையால் அதுவே தக்க காரணமாயிற்று. துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்விசிறி ஓடுகின்றது; இரும்பும் பழைய லாரிகளின் வில்லுப்பட்டையே. பட்டடையும் சம்மட்டியும் குறடும் மட்டும் மாறவில்லை.

"ஐயா, இதற்கு ஒவ்வோர் இடத்திற்கும் பெயர் உண்டா?" என்றேன். "பெயரில்லாமல் எப்படித் தம்பி வேலை செய்வது?" என்றார் அவர். பின்பு அரிவாளைக் கையிலேந்தி, விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். கூரிய பக்கம் வாய், எதிர்ப்பக்கம் முதுகு, முன்னே வளைந்து நிற்கும் நுனி மூக்கு, பிடியை அடுத்து ஒடுங்கும் இடம் கழுத்து, பிடிக்குள் புகுந்து மறையும் இரும்பு வால், பிடி பிளவாதபடி அதன் தலையை இறுக்கும் வளையம் பூண். கதிரறுக்கும் அரிவாளாயின் வாயிற் பல் வெட்டப்படும்; அப்பல்வரிசைக்குக் கருக்கு என்று பெயர்; அதனாலேயே அது கருக்கரிவாள். யான் பேரகராதியிற் பல நாள் தேடியும் காணாத நகாகோ, எம்மூர் உலைக்களத்தில் 'வால்' என்னும் எளிய பெயரோடு இருந்தது.

வாய், மூக்கு, பல், கழுத்து, முதுகு, வால் என்பவற்றை ஒருங்கு வைத்து நோக்குமின். ஓர் உயிரின் உடம்பு தோன்றும். 'அலகு' என்னும் சொல்லும் பறவையின் மூக்கைக் குறிப்பதன்றோ? இலக்கண நூலார் இதனை உவமையாகுபெயர் என்று அடக்குவர். வியப்பு என்னெனின், இவ்வாகுபெயர் மறுதலையாகவும் செல்லும்: வளைந்த நீள்மூக்கையுடைய நீர்ப்பறவையொன்றை நம்மவர் அரிவாள்மூக்கன் என்று அழைக்கின்றனர். அரிவாள் மூக்கைப் பறவையினிடம் கடன் வாங்கிற்று. பறவை அதனை அரிவாளினிடமிருந்து மீளப் பெற்றுக்கொண்டது.

'அரிவாள்' என்னும் சொல்லின்கண்ணும் வாள் ஒளிந்திருக்கின்றது. அரிதற்குரிய வாள் அரிவாள். பேச்சில் 'அருவா' என்று தேய்ந்தமையால் அவ்வாள் நம் செவிக்குப் புலப்படுவதில்லை. வெட்டரிவாள், வீச்சரிவாள், கதிரரிவாள், பனையேறிகளின் பாளையரிவாள், அடுக்களையில் மனைமேல் நிற்கும் அரிவாள்மனை என இதன் இனம் பெரிது. ஆயினும் ஜப்பானிய வாளோடு ஒப்பிடுங்கால் ஒரு வேறுபாடு தலையாயது. அவ்வாள் முதுகுப்புறம் சாய்ந்து வளைவது. ஆகவே வாய் வளைவின் வெளிப்புறத்தில் அமையும். அரிவாளோ முன்னோக்கி வளைவது. வாய் வளைவின் உட்புறத்தில் அமையும். முன்னையது இழுத்துச் சீவுதற்கு ஏற்றது. பின்னையது பற்றி அறுத்தற்கும் கொத்துதற்கும் ஏற்றது. இம்முன்வளைவால் வீச்சரிவாளுக்கு இறுகிய உறை அமைத்தல் அரிது. உறை ஒழியவே, உறையைப் பற்றிய சொற்களும் உழவர் வழக்கில் ஒழிந்தன. தென்பாண்டிப் பனையேறிகள் அரையிற் கட்டும் அரிவாட்பெட்டி ஒன்றே அவ்வகையில் எஞ்சியது எனலாம்.

பெயர்களை எழுதிக்கொண்டபின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதியவர் புதிய அரிவாளொன்றைச் செந்நிறமாகக் காய்ச்சி, முழுவதையும் நீரிலிடாது, வாய்ப்புறத்தை மட்டும் தோய்த்து எடுத்தார். இதற்குத் தோய்ச்சல் என்றும் துவைச்சல் என்றும் பெயர். பின்பு கல்லில் உரைத்து வெண்மையாக்கி, முதுகிலிருந்த சூடு மெல்ல வாய்ப்புறம் பரவும்போது அங்கே தோன்றும் நிறத்தைக் கண்கொட்டாது நோக்கினார். முதலில் வைக்கோல் நிறம், பின்பு செம்மை, பின்பு மயிற்கழுத்து நிறம். "இந்த நிறம் வாய்க்கு வருமுன்னே தண்ணீர் காட்டவேண்டும், வந்துவிட்டால் பதம் போயிற்று" என்றார். பௌதிக நண்பரைப் பின்னர் வினவியபோது, வைக்கோல் நிறம் ஏறத்தாழ 230 பாகை வெப்பத்திலும் நீலம் ஏறத்தாழ 300 பாகையிலும் தோன்றும் என்றும், சூடு ஏற ஏறக் கடினம் குறையும் என்றும் சென்டிகிரேட் கணக்கிற் கூறினார். ஜப்பானியர் மண்பூசிச் செய்ததை எம்மூர்ப் பெரியவர் மண்ணின்றிச் செய்தார். வாய் கடிதாதலும் முதுகு நெகிழ்தலுமாகிய பயன் இரண்டிடத்தும் ஒன்றே. வாயின் பதத்தைப் பெருவிரலாற் பார்த்தல் 'பதம் பார்த்தல்'. வெங்கச்சங்கல் தூளிட்டுக் கத்தி தீட்டும் கட்டை தீட்டுமரம்; 'தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பதா' என்று நன்றி மறந்தாரை இகழ்வது அதனாற் பிறந்தது. ஆகவே படைக்கலச் சொற்களால் வழக்குமொழி அமைத்துக்கொண்டோர் ஜப்பானியர் மட்டும் அல்லர்.

இவ்விடத்தே, வேதாகமம் பயின்ற எமக்கு ஒன்று கூறத் தோன்றுகின்றது. தமிழ் வேதாகமத்தில் வாளுக்குப் பெரிதும் வழங்குவது 'பட்டயம்' என்னும் சொல். அதன் கூரிய பக்கத்திற்குக் 'கருக்கு' என்று மொழிபெயர்த்துளர். 'பட்டயக்கருக்கு' என்னுந் தொடர் பழைய ஏற்பாட்டிற் பலகால் வரும். எபிரேய மூலத்தில் அவ்விடங்களிலுள்ள தொடர்க்கு நேர்ப்பொருள் 'வாளின் வாய்' என்பதே. இருபுறமும் கூருடைய வாளை 'இருவாயுடையது' என்றே அம்மொழி கூறும். மொழிபெயர்த்த பெரியோர் ஒரு தமிழ்க் கொல்லனை அடுத்துக் கேட்டிருப்பாராயின், மூலத்தின் சொல்லை மாற்றாமலே தமிழாக்கியிருக்கலாம். பாலஸ்தீன நாட்டு வாளுக்கும் மார்க்கையன்கோட்டை அரிவாளுக்கும் வாய் ஒன்றாக இருக்கின்றது! ஏசாயா ஈட்டிகள் அரிவாள்களாக அடிக்கப்படும் எனக் கூற, யோவேல் அரிவாள்கள் ஈட்டிகளாக அடிக்கப்படும் என மாறிக் கூறுதலையும் அன்பர்கள் அறிவர். இரண்டும் ஒரே உலையில் நிகழக்கூடியனவே.

நம் நாட்டில் வாள் இல்லாதிருந்ததோ எனின், அன்று. அலெக்ஸாண்டர் ரீ என்பார் 1899-ஆம் ஆண்டு முதல் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தபோது, தாழிகளோடு இரும்பு வாள்களும் குத்துவாள்களும் வேல்களும் கிடைத்தன. நொய்யற்கரைக் கொடுமணலில் எஃகு செய்த உலைகளின் தடயங்கள் வெளிப்பட்டுள்ளன. நம் உருக்கு 'ஊட்ஸ்' என்னும் பெயரோடு மேனாடு சென்று, 1795-இல் ஜார்ஜ் பியர்சனாலும் 1819 முதல் மைக்கேல் பாரடேயாலும் ஆராயப்பட்டது. எம் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இற் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த வீரனொருவனுக்கு நட்டது, அதில் உருவமில்லை. பிற்காலத்துச் செங்கம் நடுகற்களில் வீரர் வாளும் வில்லும் ஏந்தி நிற்கின்றனர். போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர், தேவாரம், கோம்பை என எம் பள்ளத்தாக்கைச் சூழப் பாளையங்களும் இருந்தன. 1801-இல் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டபின், கும்பினியார் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருத்தலைத் தடுத்தனர். வாள் போயிற்று. தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களுட் சில எழும்பூர்க் காட்சிச்சாலையில் உள. ஆயின், எகர்ட்டன் 1880-இல் எழுதிய இந்தியப் படைக்கல நூல் முதலாகப் பலவற்றிலும் தல்வார், காண்டா, பட்டா என்ற வடநாட்டுப் பெயர்களே மிகுதியாகப் பயில்கின்றன. தமிழ்க் கொல்லன் செய்த வாளின் உறுப்பிற்கு அவன் இட்ட பெயரை அந்நூல்களில் யான் கண்டிலேன்.

ஜப்பானியர்க்கும் இவ்விடர் நேர்ந்ததுண்டு. 1876-இல் அவ்வரசு வாளணிதலைத் தடை செய்தது. கொல்லர் பலர் அடுக்களைக் கத்தியும் உழுகருவியும் செய்து பிழைத்தனர். 1945-இற் போரில் தோற்றபின் எண்ணிறந்த வாள்கள் பறிக்கப்பட்டன. அவர்களோ 1948-இல் வாட்கலையைக் காத்தற்கென்று ஒரு சங்கம் நிறுவினர். பழைய முறையில் இரும்புமணலை உருக்கும் உலையை 1977-இல் ஷிமானே மாவட்டத்தில் மீள மூட்டினர். உறுப்பின் பெயர்களையெல்லாம் எழுதிவைத்தனர். என் நண்பர் கையிலிருந்த படம் அவ்வுழைப்பின் ஒரு துளி.

எம்மூரிலோ கதிரறுப்பதற்கு இயந்திரம் வந்துவிட்டது. கருக்கரிவாள் கேட்டு வருவார் அருகினர். வாழைத்தார் வெட்டுதற்கும் தென்னைமட்டை கழித்தற்கும் வேண்டும் அரிவாள்களே முதியவர்க்கு இன்று பிழைப்பு. நீண்ட வீச்சரிவாள் செய்தால் எவன் கையிற் போய் என்ன ஆகுமோ என்று அஞ்சி அதனை விட்டுவிட்டார், அவ்வச்சம் நியாயமானதே. அவர் மக்கள் இருவரும் வெளியூரிற் பின்னலாடைத் தொழிலில் இருக்கின்றனர். "கழுத்து, வால் என்று சொன்னால் இப்போது கேட்பார் யார்? 'இந்தக் கத்தி என்ன விலை' என்பதுதான் கேள்வி" என்று கூறிச் சிரித்தார். யான் எழுதிக்கொண்ட தாளில் அவ்வமயம் இருபத்திரண்டு சொற்கள் இருந்தன. அவற்றுட் பல, யான் அறிந்த அளவில், எந்நூலிலும் அரிவாளுக்கு உரியனவாகக் குறிக்கப்படவில்லை.

இறுதியில் என் பாட்டியாரின் அரிவாளுக்கு முறை வந்தது. உளுத்த பிடியைத் தட்டிப் பிளந்து எறிந்தார். துருவேறிய வால் வெளிப்பட்டது. அதன் ஓரத்தில் உளியால் வெட்டிய மூன்று சிறு கீற்றுக்கள் இருந்தன. முதியவர் அதனைக் கண்ணருகே கொண்டுபோய்ச் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "இது எங்கள் ஐயா போட்ட அடையாளம், தம்பி. அவர் செய்ததற்கெல்லாம் வாலில் மூன்று வெட்டு உண்டு" என்றார். துருவைச் சுரண்டட்டுமா என்று வினவினேன். வேண்டாமென்று கையசைத்துவிட்டு, வாலின் நுனியை மட்டும் காய்ச்சிப் புதிய பிடியினுள் இறக்கி, பூணை அடித்து இறுக்கினார்.